ஏழாவது வீட்டில் யார்

மார்ச் 4

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் பேத்தி சுண்டு எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கண்ணாடி மாற்றினீர்களா? மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். முதல் வரியில் மன்னிப்புக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டு வயதில் கால் உடைந்து, இடுப்பு வரை கட்டுப் போட்டு, ஐந்து மாதம் உங்கள் தையல் மிஷின் பக்கத்தில் கட்டிலில் கிடந்தேனே, அப்போது ஒரு கதை சொன்னீர்கள். ஏழு வீடு உள்ள தெரு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொடியவர், ஊர்க்காரர்களின் சட்டைப் பட்டனைப் பிடுங்கி வைத்திருப்பார். நான் போய் மீட்க வேண்டும். "கதவு சாத்தியிருக்கு. என்ன பண்ணுவே?" என்று கேட்பீர்கள். நான் ஏதாவது சொன்னால், ஏழு பட்டனைக் கையில் குலுக்கி எறியச் சொல்வீர்கள். நாலு பட்டன் முகம் மேலே விழுந்தால் நான் சொன்னது நடக்கும். இல்லாவிட்டால் நடக்காது. நீங்கள் ஒரு சட்டைக்குப் பட்டன் ஓட்டை, அதாவது காஜா, எடுத்து முடித்தால் எனக்கு ஒரு எறி.

வேலையை விட்டுவிட்டு நான் செய்யப் போனது அந்தக் கதையைத்தான். 'ஏழு வீடு' என்று விளையாட்டுப் பெட்டியாகப் போட்டோம். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்து ஆடுவார்கள். இப்போது இரண்டாவது பெட்டி வரப்போகிறது. அதில் ஏழாவது வீடு திறக்க வேண்டும்.

ஆறு வீடுதான் சொன்னீர்கள். கட்டைப் பிரித்ததும் நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். ஏழாவது வீட்டில் யார், பாட்டி? செப்டம்பர் கடைசியில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் போனை எடுப்பதில்லை என்று அம்மா சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்டு

மார்ச் 19

சுண்டுவுக்கு,

பாட்டி எழுதுவது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. கண்ணாடி மாற்றவில்லை, தெரிய வேண்டியது தெரிகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனை எடுக்காததற்குக் காரணம் உண்டு. போனில் சொன்னதை மறுநாள் சொல்லவே இல்லை என்று சாதிக்கலாம். காகிதம் கையில் இருக்கும்.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். முதல் தரமே ஒன்று உறுத்தியது. வாய் திறந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டாய். இப்போது 'நீங்கள்'. கம்பெனியில் சொல்லிக் கொடுத்தார்களா? எனக்குத் திடீரென்று மரியாதை கொடுத்தவர்கள் எல்லாருமே என்னிடமிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போனவர்கள்தான்.

மூன்று வருஷம் நான் இருக்கிறேனா போனேனா என்று ஒரு வரி இல்லை. இப்போது கதைக்கு முடிவு வேண்டும், அதனால் பாட்டி வேண்டும். அப்படித்தானே?

கட்டு இடுப்பு வரைக்கும் இல்லை, தொடை வரைக்கும்தான். ஐந்து மாதமும் இல்லை, ஐந்து மாதம் ஒன்பது நாள். முதல் வீட்டில் இருப்பவள் யார் தெரியுமா? கீழ்வீட்டுக்காரி. துணி வெட்டுகிற என் கத்தரிக்கோலை "ஒரு நிமிஷம் குடுங்க" என்று வாங்கிப்போய்க் காகிதம் வெட்டித் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கத்தரி துணியை மென்றது, வெட்டவில்லை. மூன்றாவது வீட்டில் சட்டை ஃபாக்டரி மேஸ்திரி. ஆறு பேரும் என் தலையில் மிளகாய் அரைத்தவர்கள். பட்டம் வைத்துச் சொன்னேனே தவிர ஆளை மாற்றவில்லை.

உன்னோடு கூட்டுச் சேர்ந்தானே, அவன் இன்னும் இருக்கிறானா? மூன்று வருஷத்துக்கு முன் நம் வாசலில் வந்து நின்றான். கோட்டின் கீழ்ப் பட்டன் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. தன் பட்டனையே கவனிக்காதவன் உன்னுடையதை எங்கே கவனிக்கப் போகிறான்? இந்த வீட்டில் அவனுக்குத் தொங்கல் என்று பெயர்.

முதலில் பெட்டியை அனுப்பு. என் கதையை என்ன கதிக்கு ஆளாக்கியிருக்கிறீர்கள் என்று பார்க்கிறேன். பிறகு ஏழாவது வீட்டைப் பற்றி யோசிக்கலாம்.

வெயிலில் அலையாதே.

பாட்டி

ஏப்ரல் 2

அன்புள்ள பாட்டிக்கு,

இங்கு எல்லாரும் சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

மரியாதைக்கு வேறு அர்த்தம் இல்லை. நீண்ட நாள் கழித்து எழுதுவதால் கை அப்படி வந்துவிட்டது.

நமது பிராண்டு இப்போது நன்றாக வளர்ந்திருக்கிறது. நாலு ஓட்டைப் பட்டன்தான் சின்னம். கல்லூரிப் பிள்ளைகள் சட்டைக் காலரில் பொருந்தாத நிறத்தில் ஒரு பட்டன் தைத்துக்கொண்டு வருகிறார்கள். பஸ்ஸில் அதைப் பார்த்தால் "நீங்க எத்தனாவது வீட்டுல இருக்கீங்க?" என்று கேட்டு ஒன்றாக உட்கார்ந்துகொள்கிறார்கள். கீழ்வீட்டுக்காரிக்குக் 'காகிதம்வெட்டி' என்று நீங்கள் வைத்த பட்டம் அப்படியே இருக்கிறது. அவளுக்குத்தான் ரசிகர்கள் அதிகம். வருஷத்துக்கு ஒருமுறை கூட்டம் போடுகிறோம். போன தரம் பதினொரு காகிதம்வெட்டிகள் வேஷம் போட்டு வந்தார்கள். நமது பிராண்டின் பலமே உண்மையான கதை என்பதுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

பெட்டி இப்போது கையிருப்பில் ஒன்றுகூட இல்லை. மறு அச்சு வந்ததும் அனுப்புகிறேன். என்னோடு கூட்டுச் சேர்ந்தவர் நல்ல மனிதர் பாட்டி. நமது பிராண்டுக்காக இராப்பகலாக உழைக்கிறார்.

ஏழாவது வீட்டைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் உடல்நலம் விசாரித்து,
சுண்டு

ஏப்ரல் 11

சுண்டுவுக்கு,

நான் இருக்கிறேன். ஒத்தடம் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. உனக்கு அந்தக் கால் மழைக்கு வலிக்கிறதா?

பெட்டி செய்கிற கம்பெனியில் பெட்டி இல்லையாம். ரொட்டிக் கடையில் ரொட்டி இல்லை என்றால் நம்பலாம், சாயங்காலமாக இருந்தால்.

உன் கடிதத்தில் மூன்று இடத்தில் 'நமது பிராண்டு' வருகிறது. பிராண்டு என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தராதே. சட்டைக் கழுத்தில் தைக்கிற லேபிள். சட்டை எங்கள் கை தைத்தது, லேபிளில் வேறு எவனோ ஒருவன் பெயர். இருபத்தாறு வருஷம் அந்த லேபிளைத் தைத்தவள் நான். பெட்டியில் யார் பெயர் இருக்கிறது? தொங்கல் தன் பெயரைப் போட்டுக்கொண்டானா? அதனால்தான் பெட்டி வராமல் இருக்கிறதா?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. இந்தக் கடிதங்களை எழுதுவது நீதானா? எழுத்து உன்னுடையதுதான். சொல்லிக்கொடுத்து எழுத வைக்கலாமே. அதனால் ஒன்று கேட்கிறேன், தொங்கலுக்குத் தெரிந்திருக்க முடியாது. ஐந்தாவது வீட்டுக் கதவு என்ன நிறம்?

பதில் வரும் வரை ஏழாவது வீடு பூட்டித்தான் இருக்கும்.

தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு.

பாட்டி

மே 20

அன்புள்ள பாட்டிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடுவில் காய்ச்சல். இப்போது தேவலை. நீங்கள் சுகமா?

ஐந்தாவது வீட்டுக்குக் கதவே கிடையாது. திரைதான். திரையில் காஜா இருக்கும், பட்டன் இருக்காது. காற்றடித்தால் உள்ளே இருப்பவர் தெரிவார். போதுமா பாட்டி?

விளையாட்டை அனுப்பியிருக்கிறேன். தெருவின் வரைபடம், விதிப் புத்தகம், ஆறு பொம்மைகள், ஒரு பையில் ஏழு பட்டன். பெட்டி தபாலில் நசுங்கிவிடும் என்பதால் உள்ளே இருப்பதை மட்டும் அனுப்பினேன். காகிதம்வெட்டி பொம்மையின் கையில் கத்தரியைப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும்.

செப்டம்பர் வருவதற்கு அதிக நாள் இல்லை.

அன்புடன்,
சுண்டு

ஜூன் 1

கம்பெனியில் பொறுப்பாக இருப்பவருக்கு,

வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்சல் மேல் ஒட்டியிருந்த விலாசத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

நான் உங்கள் முதலாளியம்மாவின் பாட்டி. ஏழு வீடு என் கதை. அவளுக்குக் கால் உடைந்தபோது நான் சொன்னது. எனக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே எல்லாம் இருக்கிறது, பெட்டி மட்டும் இல்லை. ஒருவர் சட்டையை மட்டும் கொடுத்துவிட்டு லேபிளைப் பிரித்து எடுத்துக்கொண்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது, ஒரு எழுத்து விடாமல். அடுத்தது, உங்கள் கம்பெனியின் இன்னொரு முதலாளி கோட்டில் கீழ்ப் பட்டனைத் தைத்துக்கொண்டாரா, இல்லையா.

அனுப்பிய பட்டன்கள் பிளாஸ்டிக். முகத்துக்கும் முதுகுக்கும் கனம் ஒன்றாக இருக்கிறது. சரியாக விழாது. சிப்பிப் பட்டன்தான் இதற்கு லாயக்கு.

நான் எழுதியதை என் பேத்தியிடம் சொல்ல வேண்டாம். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாட்டி

ஜூன் 14

மதிப்பிற்குரிய விளையாட்டு ஆர்வலருக்கு,

வணக்கம். தாங்கள் நலமுடன் இருக்க வாழ்த்துகிறோம். தங்கள் கடிதத்தை எங்கள் பிரிவில் அனைவரும் விரும்பிப் படித்தோம். கதாபாத்திரமாக வேஷமேற்று எழுதும் கடிதங்கள் எங்களுக்கு நிறைய வருகின்றன. போன வாரம்கூட ஃபாக்டரி மேஸ்திரி விடுப்பு கேட்டு எழுதியிருந்தார். அவற்றில் தங்கள் கடிதம் தனித்து நிற்கிறது. குறிப்பாக, கோட்டுப் பட்டன் பற்றிய இடத்தில் வெகுவாகச் சிரித்தோம்.

எனினும் ஒரு வேண்டுகோள். பெட்டியின் பின்புறம் தாங்கள் படித்திருப்பீர்கள்: "இந்த விளையாட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்த என் பாட்டி இன்று உயிருடன் இல்லை. அவர் விட்டுச் சென்றது ஏழு பட்டன்களும் முடியாத ஒரு கதையும்." மறைந்த ஒருவரின் வேஷத்தில் எழுதுவது எங்கள் நிறுவனரின் மனத்தைப் புண்படுத்தக்கூடும். பாட்டியின் மறைவுக்கு அனுதாபம் தெரிவித்து இதுவரை முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்துள்ளன. அதனால் தங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை.

வேறு எந்த வேஷத்திலும் தாராளமாக எழுதுங்கள். தங்கள் நடை மிக இயல்பாக இருக்கிறது. எங்கள் அன்புப் பரிசாக ஒரு பட்டன் சின்னம் இணைத்துள்ளோம்.

ரசிகர் தொடர்புப் பிரிவு

ஜூன் 18

சுண்டுவுக்கு,

செத்துப்போன பாட்டி எழுதிக்கொள்வது. இந்தப் பக்கம் சுகம். முழங்கால் வலி மட்டும் கூடவே வந்துவிட்டது.

உங்கள் ஆபீஸ் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பு, அது எனக்கு வேண்டும். அதைப் படித்தபோது அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கி வழிந்து அணைந்து, வாடை வந்த பிறகுதான் எழுந்தேன். கீழ்வீட்டுக்காரி மேலே வந்து "என்னம்மா தீய்ஞ்ச வாடை வருது?" என்று கேட்டாள். கடிதத்தை மடியில் மறைத்துக்கொண்டேன். அவளுக்கு அந்தச் சந்தோஷம் வேண்டாம்.

இது தொங்கலின் வேலை. உயிரோடு இருக்கிற கிழவியைக் காட்டி விற்பதைவிடச் செத்த கிழவியைக் காட்டி விற்பது சுலபம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். நீ ஏமாந்தாய். அதனால்தான் பெட்டியை ஒளித்தாய், வெட்கமாக இருந்திருக்கும்.

ஒரே பேச்சு. அவனைக் கம்பெனியை விட்டு வெளியே அனுப்பு. அனுப்பினால் ஏழாவது வீடு உனக்கு. இல்லாவிட்டால் அது என்னோடு போகும், நிஜமாகவே நான் போகும்போது.

முந்நூறு அனுதாபக் கடிதத்தையும் அனுப்பு. யார் யார் நல்லதாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தெரிந்தவர்களில் யார் எழுதவில்லை என்றும் பார்க்க வேண்டும்.

பாட்டி

ஜூலை 9

பாட்டி,

நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் கோபமே சொல்கிறது. நான் நன்றாக இல்லை. இதைப் பதினைந்து நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அதை எழுதியது நான்.

முதல் வருஷம், ஒரு பள்ளிக்கூட ஹாலில் நாங்கள் மேஜை போட்டிருந்தோம். ஆட்டம் முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள், "இந்தப் பாட்டி இப்ப எங்க இருக்காங்க? நாங்க பாக்க வரலாமா?" "செத்துட்டாங்க" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். அது நடிப்பில்லை. பிறகு பெட்டிக்கு எழுதும்போது அதையே எழுதினேன். நீ தொங்கல் என்கிறவர் வேண்டாம் என்றார். "பாட்டி உசுரோட இருக்காங்கம்மா. பெட்டியில போடாத. ஒரு நாள் அவங்க கையில கிடைக்கும்" என்று அச்சுக்குப் போகிற அன்று வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நான் வெளியே அனுப்ப மாட்டேன். அதற்கு விலை ஏழாவது வீடு என்றால், அது இல்லாமலே இரண்டாவது பெட்டி போகட்டும். காத்திருப்பவர்கள் திட்டுவார்கள், பாதிப் பேர் போய்விடுவார்கள். போகட்டும்.

உனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும். இதுவும் இருக்கும். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மொட்டை மாடியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாய். வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். நீ திரும்பவில்லை. வாயில் இரண்டு கிளிப் கவ்வியிருந்தாய். அதை எடுத்துவிட்டுச் சொன்னாய்: "ஊருக்கு விளையாட்டுக் காட்டிப் பிழைக்கப் போறியா? போ. பாட்டி செத்துட்டான்னு நினைச்சுக்கோ."

நினைத்துக்கொண்டேன். கட்டிலில் கிடந்த காலத்திலிருந்து நீ சொன்ன எதை நான் செய்யாமல் இருந்திருக்கிறேன்?

பெட்டி இத்துடன் வருகிறது. நசுங்காது. நசுங்கும் என்று சொன்னது பொய்.

மருந்தை விடாமல் சாப்பிடு.

சுண்டு

ஆகஸ்ட் 23

சுண்டுவுக்கு,

நீ இப்போது எப்படி இருக்கிறாய்? நான் நடமாடுகிறேன். பதில் எழுத ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கை வலி என்று எழுதலாம். கை வலிக்கவில்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை இல்லை, புதன்கிழமை. மற்றதெல்லாம் சரி.

சொன்னது ஞாபகம் இருக்கிறது. உன் முதல் கடிதத்தைப் பிரித்தபோதும் ஞாபகம் இருந்தது. எழுதவில்லை. நீ மறந்திருப்பாயா என்று பார்த்தேன். ஊரில் எல்லாரும் சொன்னதை எழுதி வைத்தமாதிரி ஒப்பிக்கிறவள், என் வாயிலிருந்து வந்ததை மட்டும் அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

பெட்டியைப் பார்த்தேன். முன்பக்கம் உன் பெயர்தான் இருக்கிறது, அவன் பெயர் ஓரத்தில் பொடி எழுத்தில். இத்தனை நாள் தொங்கலை நான் என் கதைத் தெருவின் கோடியில் ஒரு கொட்டகையில் அடைத்து வைத்திருந்தேன். வெளியே விட்டுவிட்டேன். பட்டனை மட்டும் மன்னிக்கவில்லை.

இனி ஏழாவது வீடு. நீ நினைக்கிறமாதிரி நான் முடிவை ஒளித்து வைத்திருக்கவில்லை. முடிவு என்னிடம் கிடையாது. ஆறு பேருக்கு மேல் எனக்கு ஆள் அகப்படவில்லை. அதனால்தான் "நாளைக்கு, நாளைக்கு" என்று இழுத்தேன். நீயும் கட்டைப் பிரித்துக்கொண்டு ஓடிவிட்டாய், நான் பிழைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன் ஆள் கிடைத்தது. அந்த வீட்டில் உன்னை வைத்தேன். என் காது கேட்க ஒரு சத்தம் வராமல் நன்றாகப் பூட்டினேன்.

இந்த ஆறு வாரமும் அந்தக் கதவைத் திறந்து திறந்து பார்க்கிறேன். நீ அங்கே இல்லை. கிழவி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஆறு வீட்டுக்காரர்களும் பிடுங்கியது ஆளுக்கு ஒரு பட்டன். அவள் மடி நிறைய வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். தாழ் உள்பக்கம் போட்டிருக்கிறது.

இதைப் பெட்டியில் போட்டுக்கொள். ஆனால் முதுகில் எழுதியதை மாற்று. பாட்டி இருக்கிறாள் என்று எழுது. முந்நூறு பேர் திட்டினாலும் எழுது.

இனி உன் முறை. உன்னிடம் என் பழைய சிப்பிப் பட்டன் ஏழும் இருக்க வேண்டும், கட்டுப் பிரித்த அன்று நீ எடுத்துப்போனதை நான் பார்த்தேன். கதவு சாத்தியிருக்கு. கிழவி உள்ளே இருக்கா. என்ன பண்ணுவே? சொல்லிவிட்டு எறி. ஒரே எறிதான், எடுத்து மறுபடி எறியக் கூடாது.

ஈரத்தில் நிற்காதே.

பாட்டி

செப்டம்பர் 2

என் பாட்டிக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இரு, இன்னும் ரொம்ப நாள்.

ஆபீஸில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். உனக்குப் பதில் எழுதிய பெண் மேஜையில் தலை கவிழ்ந்துவிட்டாள். "நான் பாட்டிக்கே வேஷம் போடாதீங்கன்னு எழுதிட்டேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அனுதாபக் கடிதம் அனுப்பிய முந்நூறு பேருக்கும் நானே கைப்பட எழுதுகிறேன். நூற்றுப் பத்து முடிந்தது. ஒருவர் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார், "உங்களை நம்பி அழுதேன்" என்று சீட்டு வைத்து. இன்னும் வரும். இரண்டாவது பெட்டியின் முதுகில் 'பாட்டி இருக்கிறாள்' என்று போட்டாகிவிட்டது.

உன் சிப்பிப் பட்டன்களை எடுத்தேன். "கதவைத் தட்டுவேன்" என்று சொன்னேன். எறிந்தேன்.

ரெண்டுதான் முகம் மேலே விழுந்தது, பாட்டி. நாலு வேண்டும் என்பது நீ வைத்த விதி. மறுபடி எறியவில்லை. கதவு திறக்காது என்று தெரியும். இருந்தாலும் வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறேன்.

சுண்டு

செப்டம்பர் 9

சுண்டுவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. உன் கடிதம் வந்த அன்று இரண்டு தரம் மாடி ஏறி இறங்கினேன்.

ரெண்டு விழுந்தது என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை. நாலு விழுந்திருக்கும், ஏழுகூட விழுந்திருக்கும். கிழவி மனசு இளகட்டும் என்று ரெண்டு என்று எழுதியிருப்பாய். உன் வாய் எனக்குத் தெரியும். காய்ச்சல் என்று மே மாதம் எழுதியதையும் நான் இன்னும் நம்பவில்லை.

எடுத்து மறுபடி எறியக் கூடாது என்றேன், வாஸ்தவம். ஆனால் கட்டிலில் கிடந்தபோது போர்வைக்குள் எறிந்துவிட்டு "ஆறு, ஆறு" என்று நீ கத்தியபோது நான் என்ன சொன்னேன்? ஐந்து மாதம் ஒன்பது நாளில் அதுதான் இரண்டாவது விதி. எதிரில் இருப்பவர் பார்க்காத எறி, எறியே இல்லை.

அதனால் வா. என் மேஜையில், என் கண்ணெதிரே எறி. வரும்போது அவனையும் கோட்டோடு கூட்டிக்கொண்டு வா. ஊசியில் நூல் கோத்து வைத்திருக்கிறேன்.

பாட்டி